மாஸ்டரின் வலது கால்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார்களில், கற்பிப்பவர் அமரும் பக்கத்திலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறும் வேளையில் வண்டியையும் வழியில் போகிறவர்களையும் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்ட மிதி அது. அந்த மிதியின் மேல் வலது காலை வைத்தபடியே தம் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர் அவர். ஊரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அவர்கள் அவரை மாஸ்டர் என்றார்கள். அவர் இல்லாத இடத்தில் பிரேக் மாஸ்டர் என்றார்கள். இரண்டுமே மரியாதையோடுதான் சொல்லப்பட்டன. ஏனெனில் அவரிடம் கற்ற எவரும் எதன் மேலும் மோதியதில்லை. எதையும் முந்தியதும் இல்லை.

தொழிலில் பழகிய கால் வீட்டுக்கு வந்த பிறகும் ஓயவில்லை. சாப்பாட்டு மேசையில் யாராவது கண்ணாடிக் குவளையை விளிம்புப் பக்கம் நகர்த்தினால், மேசைக்கு அடியில் அது தரையை அழுத்தும். திரையரங்கில் ஒருமுறை, கதாநாயகன் பாலத்திலிருந்து காரைப் பாய்ச்சியபோது, முன்வரிசைக்காரர் எழுந்து நின்று தம் இருக்கையை உதைத்தது யார் என்று விசாரித்தார். முடிதிருத்தும் கடையில் கத்தி காதருகே வந்ததும் அழுத்தியதில், சுழல்நாற்காலி அரைவட்டம் சுற்றி, மாஸ்டர் ஒரு பக்கக் கிருதாவோடு வீடு திரும்பினார். செருப்புத் தைப்பவரிடம் போகும்போதெல்லாம் வலது காலணிக்கு மட்டுமே அடித்தோல் மாற்ற வேண்டியிருக்கும். அவர் இடது காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது யாருடையது என்று கேட்பார்.

மாஸ்டரின் மனைவி இரும்புக் கிடங்கு ஒன்றில் கிரேன் இயக்குபவர். கிடங்குக் கூரையை ஒட்டி ஓடும் தண்டவாளத்திலிருந்து தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறி அமர்ந்து, யானை எடையுள்ள இரும்புச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு போய், கீழே நிற்கும் லாரியின் முதுகில் முட்டையை வைப்பதுபோல் வைப்பார். மற்றவர்கள் கூண்டில் இருக்கும் நாள்களில் லாரிக்காரர்கள் தூரமாகப் போய் நின்று வேண்டிக்கொள்வார்கள். இவர் இருக்கும் நாள்களில் நிழலில் படுத்துத் தூங்குவார்கள். அப்பேர்ப்பட்டவரின் கையில், வீட்டிலிருந்த சின்னஞ்சிறு காரைக் கொடுக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை.

உரிமம் இல்லாமலில்லை. மாஸ்டரே கற்றுக்கொடுத்து வாங்கித் தந்ததுதான். அதன் பிறகு சொந்தக் காரை அந்த அம்மாள் ஒரே ஒருமுறை ஓட்டினார். சொந்தக் காரில் இரண்டாவது பிரேக் இல்லை என்ற உண்மை மாஸ்டரின் காலுக்கு நடுச்சாலையில்தான் உறைத்தது. ரவுண்டானாவில் ஒரு லாரி வந்தது. அது வெகு தொலைவில், எதிர்த்திசையில், திரும்பிப் போய்க்கொண்டிருந்தது என்று மனைவி இன்றும் சாதிப்பார். மாஸ்டர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். வண்டி சாலைக்குக் குறுக்காகத் திரும்பி நின்றது. மனைவி இறங்கினார், கதவைப் பதமாகச் சாத்தினார், வீடுவரை நடந்தே போனார். அன்றோடு உரிமம் பீரோவுக்குள் போயிற்று. கார்ச் சாவி மாஸ்டரின் சட்டைப் பையில் நிரந்தரமாகக் குடியேறியது.

உட்கார்ந்தே செய்யும் தொழில் ஆதலால், ஐம்பதை நெருங்கும்போது மாஸ்டரின் வயிறு அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது. சைக்கிள் மிதிக்கும்படி மருத்துவர் சொன்னார். அப்போது அவரிடம் கார் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். முப்பதைத் தாண்டிய, சும்மாயிருக்கத் தெரியாத மனிதர். மலைச் சரிவில் சைக்கிளோடு குதிப்பவர், காரில் மட்டும் மாஸ்டரின் காலடியில் பல மாதம் அவதிப்பட்டார். "கால் எங்க இருக்கு? கண்ணு எங்க இருக்கு?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, கனவிலும் அவற்றுக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். உரிமம் கிடைத்த மறுநாளே மாஸ்டரின் தலையில் ஒரு மலை சைக்கிளைக் கட்டினார். தடித்த சக்கரம், முன்சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் கவை, இருபதுக்கும் மேற்பட்ட கியர் என்று அவர் அடுக்கிய பெருமைகள் எதுவும் மாஸ்டரின் காதில் ஏறவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஒரு விரலால் தொட்டால் நின்றுவிடும் என்று சொன்னதும்தான் அவர் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து தினமும் ஏரிக்கரைவரை போய் வந்தார். காலை நடைக்கு வந்தவர்கள் அவரைக் கடந்து போனார்கள்.

வினை வேறு திசையிலிருந்து வந்தது. கிடங்கில் வேலைமுறை மாறி, மனைவி விடியற்காலையில் போக வேண்டியதாயிற்று. அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது. மாஸ்டர் காரில் கொண்டுபோய் விட்டார். ஆளற்ற சாலையில் பச்சை விளக்கைக் கண்டாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுப் போகிறவர் அவர். இந்த ஏற்பாட்டில் மனைவி, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இல்லாத வழக்கமாக, தாமதமாகப் போய் மேலாளரின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டிவந்தது. இரண்டாவது முறை அப்படி நின்றுவிட்டு வந்த மாலை, அந்த அம்மாள் பீரோவைத் திறந்து உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நாளையிலிருந்து காரைத் தாமே எடுத்துப் போவதாகச் சொன்னார். மாஸ்டர் வழக்கமான பதில்களைச் சொன்னார்: பனி, நாய், பால் வண்டி, எதிர்விளக்கின் கூச்சம். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இத ஜாக்கிரதைன்னு நெனச்சுதான் இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார். "இது ஜாக்கிரதை இல்லங்க, பயம். பயத்துக்கு நல்ல சட்டையா மாட்டி விட்டிருக்கீங்க."

அந்த நேரம் பார்த்து, மேசையின் மறுகோடியில், கடைக்காரர் கொடுத்துவிட்டுப் போன துண்டுத்தாள் ஒன்று கிடந்தது. ஊருக்கு வெளியே உள்ள மலையில் அவர் ஆண்டுதோறும் நடத்தும் சைக்கிள் ஓட்டத்தின் அறிவிப்பு அது. விடிந்ததும் புறப்பட்டு மலையை நான்கு முறை சுற்ற வேண்டும். மாலையில், ஓட்டம் முடியும் வாயிலில் கயிறு கட்டப்படுவதற்குள் நான்காம் சுற்றை முடித்தவர்கள் முடித்தவர்கள், மற்றவர்கள் கலந்துகொண்டவர்கள். மாஸ்டர் அந்தத் தாளை எடுத்து மனைவியின் முன்னால் வைத்தார்.

"பயந்தவன் இதுக்குப் போவானா?"

அவர் அதற்குப் போகவில்லை என்பதும், போகும் எண்ணமே அந்தக் கணம்வரை இல்லை என்பதும் அறையிலிருந்த இருவருக்கும் தெரியும். மனைவி தாளை முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"போங்க. நாலு சுத்தும் முடிச்சுட்டு வந்தீங்கன்னா, காரப் பத்தி இனி ஜென்மத்துக்கும் வாய தொறக்க மாட்டேன். முடிக்கலன்னா சாவி எனக்கு. நீங்க பின் சீட்டு. அங்க உக்காந்துக்கிட்டு மூச்சு விடலாம், பேச்சு விடக் கூடாது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மாஸ்டர் தலையசைத்தார். தோல்வியைவிட அவரை உலுக்கியது அந்தப் பின் இருக்கைதான். அங்கே காலை அழுத்த மிதியும் இல்லை. முன்னால் என்ன வருகிறது என்பதும் தெரியாது.

அடுத்த சில மாதங்கள், பயிற்சி வகுப்புகள் முடிந்த மாலைகளில், அவர் மலைக்குப் போனார். முதல் வாரம் பாதி ஏற்றத்தில் நுரையீரல் வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஆனால் ஒரு வியப்பு காத்திருந்தது. ஏற்றம் அவருக்கு ஒத்துவந்தது. ஏற்றத்தில் வண்டி தானாகவே நிற்கப் பார்க்கும். அது மாஸ்டரின் மனத்துக்கு மிகவும் இசைந்த நிலைமை. ஆண்டுக்கணக்காக மிதித்துத் திரண்ட வலது தொடை, அவருக்கே தெரியாமல் இப்படி ஒரு வேலைக்காகக் காத்திருந்தது. இளைஞர்கள் பாய்ந்து ஏறி, நடுவழியில் நாக்குத் தள்ளிக் கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் அம்மி நகர்வதுபோல் நகர்ந்து அவர்களைத் தாண்டிப் போவார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் சிலரை முந்தினார். முந்தும்போது கையைக் காட்டத் தவறவில்லை.

இறக்கத்தில்தான் கதை கந்தலாயிற்று.

மலையின் மறுபக்கச் சரிவில் 'ஏணி' என்று அழைக்கப்பட்ட ஓர் இடம். பாறைகளும் வேர்களும் படிப்படியாக இறங்கும். கீழே ஒரு சிற்றோடை. ஓடைக்கு அந்தப் பக்கம் வாயில். அதன் உச்சியில் நின்று பார்த்த முதல் நாள், மாஸ்டர் இரண்டு கைப்பிரேக்கையும் பிடித்தபடி சக்கரத்தை முதல் படியில் இறக்கினார். வண்டி சரிந்தது. அச்சம் தலைக்கேறிய அந்த நொடியில், எஜமானின் உயிரைக் காக்கும் கடமையை ஒருபோதும் மறவாத வலது கால், இருந்த வலுவையெல்லாம் திரட்டி மிதித்தது.

காரில் அப்படி மிதித்தால் வண்டி நிற்கும். சைக்கிளில் மிதித்தால் என்ன ஆகும் என்பதைப் பச்சைக் குழந்தையும் அறியும். மாஸ்டரின் கால் மட்டும் அறியவில்லை. வண்டி முன்னே பாய்ந்தது. பாய்ந்ததைக் கண்டு கால் இன்னும் பலமாக மிதித்தது. மாஸ்டர் ஒரு புதருக்குள்ளிருந்து வெளியே வந்தபோது, அவருடைய தொழில் வாழ்க்கையில் முதல் விபத்து நிகழ்ந்து முடிந்திருந்தது. அன்றிலிருந்து ஏணியில் இறங்கும்போதெல்லாம், வலது காலை மிதியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டு, கைகள் இரண்டும் பிரேக்கை நெரிக்க, அங்குலம் அங்குலமாக இறங்கினார். காலை நம்ப முடியாத மனிதனுக்கு வேறு வழியில்லை.

ஓட்டத்தன்று காலை, மாஸ்டர் தாமே காரை ஓட்டி மனைவியோடு மலையடிவாரத்துக்கு வந்தார். சாவியைக் கால்சட்டையின் பின்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். முதுகுப் பையில் வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, கட்டுத்துணி, களிம்பு ஆகியவற்றோடு, பழுதான வண்டிக்குப் பின்னால் சாலையில் வைக்கும் சிவப்பு முக்கோணமும் இருந்தது. சைக்கிளின் கைப்பிடியில் பின்பார்வைக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தியிருந்தார். மனைவி மடக்கு நாற்காலியைத் தண்ணீர்ப் பந்தலின் நிழலில் விரித்து, வெந்நீர்க் குடுவையும் வார இதழுமாக அமர்ந்தார். எல்லாவற்றையும் உயரத்திலிருந்தே பார்த்துப் பழகியவர் ஆதலால், முதலில் அங்கிருந்த பாறை ஒன்றின் மேல் நாற்காலியைப் போடப் பார்த்தார். அது ஆடியதால் விட்டுவிட்டார்.

கொடி அசைந்தது. எல்லாரும் அம்பாய்ப் பறந்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார், கையைக் காட்டினார், புறப்பட்டார். பின்னால் இருந்தவர் ஒரே ஒருவர், சைக்கிள் கடைக்காரர். ஓட்டத்தை நடத்துபவர் என்ற முறையில், கடைசி ஆளுக்கும் பின்னால் வந்து, முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவது அவர் வேலை. அன்று அவர் அந்த ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.

முதல் சுற்றில் சங்கிலி கழன்றது. மாஸ்டர் இறங்கி, சைக்கிளை ஓரங்கட்டி, பத்தடி பின்னால் போய்ச் சிவப்பு முக்கோணத்தை நிறுத்தி வைத்துவிட்டு வந்து சங்கிலியை மாட்டினார். முக்கோணத்துக்குப் பின்னால் கடைக்காரர் நின்று காத்திருந்தார். ஆட்டுக்கூட்டம் ஒன்று குறுக்கே வந்தபோது, கடைசிக் குட்டியும் கடந்து அதன் தாயைச் சேரும்வரை மாஸ்டர் நின்றார். காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வலம், இடம், மறுபடி வலம் பார்த்தார்.

"யாரும் வரல மாஸ்டர்" என்றார் கடைக்காரர்.

"வராதபோதுதான் தம்பி பாக்கணும். வந்தப்புறம் பாத்து என்ன பண்றது?"

இரண்டாம் சுற்றில், முன்னே போனவர்கள் மலையை முழுதாகச் சுற்றிவிட்டுப் பின்னாலிருந்து வரத் தொடங்கினார்கள். மாஸ்டர் ஒவ்வொருவரையும் கண்ணாடியில் கண்டு, ஒதுங்கி, கையசைத்துப் போகச் சொன்னார். புழுதி பறக்கப் போகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் இருவர் பழைய மாணவர்கள். அவர்கள் தம்மையறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டதாக அன்று மாலை ஒப்புக்கொண்டார்கள்.

அந்தச் சுற்றின் ஏணியில் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. கீழே வந்ததும் கடைக்காரர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிரேக் கட்டை தேய்ந்து சிகரெட் தாளாகியிருந்தது. தம்மிடமிருந்த மாற்றுக் கட்டைகளை மாட்டிவிட்டார். மூன்றாம் சுற்றின் முடிவில் அவையும் போயின.

"ஒரு வருஷம் வர்ற கட்ட, மாஸ்டர். காலைலேருந்து ரெண்டு ஜோடி தின்னுட்டீங்க. இனி எங்கிட்ட இல்ல."

மாஸ்டரிடம் பேசுவதற்கென்று ஒதுக்கி வைக்க மூச்சு மிச்சமில்லை. மூன்றாம் சுற்றின் ஏற்றத்தில், உடம்பு என்று அதுவரை அவர் அறிந்திருந்த ஒன்று கழன்று விழுந்து, அதற்கடியில் அவர் அறியாத இன்னொன்று மிதித்துக்கொண்டிருந்தது. முழங்கால்கள் துருப்பிடித்த கீல்களாயின. இருக்கையில் உட்காரவும் முடியவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைக் கண்டுபிடித்து அதில் தொங்கினார். எல்லாவற்றிலும் கைகள்தாம் மோசம். மூன்று சுற்றிலும் பிரேக்கை நெரித்த விரல்கள், பிடியை விட்ட பிறகும் பிடித்தபடியே இருந்தன. பந்தலில் மனைவி வாழைப்பழத்தை நீட்டியபோது அவரால் வாங்க முடியவில்லை. மனைவி அதை உரித்து வாயில் வைத்தார்.

"மூஞ்சியெல்லாம் வெளிறிப் போச்சு" என்றார். "வேணாங்க. விட்டுடலாம்."

கேலியை எதிர்பார்த்திருந்த மாஸ்டருக்கு இது புதிதாக இருந்தது. மென்று விழுங்கிவிட்டு, மிகுந்த பாடுபட்டுக் கேட்டார்.

"விட்டா? பின் சீட்டா?"

"பின்ன? துண்டு கூட காலைலயே விரிச்சு வச்சுட்டேன், புழுதி ஒட்டாம இருக்க."

மாஸ்டர் சைக்கிளைத் திருப்பினார். கையைக் காட்ட முயன்றார். கை திறக்காததால் முட்டியைக் காட்டிவிட்டுப் போனார்.

நான்காம் ஏற்றத்தைப் பற்றி அவருக்குப் பின்னாளில் அதிகம் நினைவில்லை. கடைக்காரருக்கு நினைவிருந்தது. மாஸ்டர் வழியெல்லாம் சாலைக் குறியீடுகளை, பாடம் ஒப்பிக்கும் தொனியில், ஒரு மிதிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே ஏறினார்: குறுகிய பாலம், வலப்பக்க வளைவு, செங்குத்து ஏற்றம், பள்ளி உள்ளது, ஒலி எழுப்பாதே. முடிந்ததும் மறுபடி குறுகிய பாலம். முன்னால் போனவர்களில் பாதிப் பேர் அப்போது மலையின் பல பாகங்களில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொருவரையும் கடந்தார். கடைக்காரர் அவர்களிடம், திரும்பி வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு மாஸ்டரின் பின்னாலேயே போனார். 'நிறுத்தாதே' என்று ஒரு குறியீடு அவருடைய பட்டியலில் இல்லை என்பதைக் கடைக்காரர் கவனித்தார். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

ஏணியின் உச்சியில் நிறுத்தினார்.

கீழே, ஓடைக்கு அப்பால், வாயிலில் இரண்டு பேர் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களுக்குப் பக்கத்தில், வார இதழை மூடிவிட்டு எழுந்து நிற்கும் ஓர் உருவம். மாஸ்டர் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். இரும்பு இரும்போடு உரசியது. சக்கரம் சட்டை செய்யவில்லை. விரல்களில் நெரிக்கும் வலுவும் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினால் பத்திரமாக இறங்கலாம். ஆனால் இறங்குவதற்குள் கயிறு கட்டப்பட்டுவிடும்.

"நடந்தா நேரம் பத்தாது, மாஸ்டர்" என்றார் பின்னாலிருந்து கடைக்காரர். "இருந்தாலும் நான் ஏறிப் போங்கன்னு சொல்ல மாட்டேன். அது உங்க இஷ்டம்."

மாஸ்டர் கீழே பார்த்தார். சைக்கிளை ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இதற்குப் பெயர் ஜாக்கிரதை இல்லை என்பது, சட்டை கழன்ற நிலையில், அவருக்கே தெளிவாகத் தெரிந்தது.

"தம்பி" என்றார். "இது பயந்தான்."

"இருக்கட்டும் மாஸ்டர். எனக்கு உங்க கார்ல ஏறுனா வராததா? கண்ணு எங்க இருக்கு?"

"அந்தப் பள்ளத்துல."

"பள்ளத்த பாத்தா பள்ளத்துக்குத்தான் போகும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். கண்ண வாசல்ல வையுங்க. கால் எங்க இருக்கு?"

மாஸ்டர் தொங்கிக்கொண்டிருந்த வலது காலைப் பார்த்தார். அதைத் தூக்கி மிதியின் மேல் வைத்தார். கண்ணை வாயிலில் வைத்தார். சைக்கிள் இறங்கியது.

முதல் படியில் வண்டி சரிந்ததும், கால் தன் கடமையைச் செய்தது: பலங்கொண்ட மட்டும் மிதித்தது. வண்டி துள்ளி முதல் பாறையைத் தாண்டியது. இரண்டாவது பாறையைக் கண்டு கால் இன்னும் அஞ்சியது. இன்னும் ஓங்கி மிதித்தது. வண்டி அதையும் தாண்டியது. மெதுவாகப் போகிறவனின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக் கவிழ்க்கும் வேர்கள், வேகமாக வருகிறவனின் சக்கரத்தை மேலே மேலே அனுப்பிவிடும் என்பதைக் கடைக்காரர் மாதக்கணக்கில் சொல்லியும் மாஸ்டர் நம்பியதில்லை. இப்போது அவர் நம்புவதற்கு நேரமில்லை. ஒவ்வொரு படியிலும் அவர் வண்டியை நிறுத்த முழு மனதோடு முயன்றார். ஒவ்வொரு முயற்சியும் அவரை அடுத்த படிக்கு மேலாக எறிந்தது. இப்படிக் காற்றாகப் பறந்த மனிதர், அடிமனத்தில், அந்த மலை கண்டதிலேயே மிகக் கடுமையாகப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓடையில் நீர் இரு புறமும் சிறகாக எழுந்தது. வாயிலில் ஒருவர் கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மறுமுனையோடு எதிர்க் கம்பத்தை நோக்கி நடந்தவர், சரிவில் வருவதைக் கண்டு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். மாஸ்டர் கயிற்றின் மேல் ஏறி, கோட்டைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, மனைவி உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியில் மோதி நின்றார். அது அவருடைய இரண்டாவது விபத்து. நாற்காலி அப்போது காலியாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது மனைவி கை தட்டிக்கொண்டிருந்தார். பந்தயத்தில் தோற்றவர் அவர். காரை இனி ஜென்மத்துக்கும் கேட்க முடியாதவர் அவர். அங்கிருந்தவர்களில் மிகப் பலமாகத் தட்டியதும் அவர்தான். மாஸ்டருக்கு அது எங்கேயோ உறுத்தியது. அப்போது உடம்பு முழுவதும் உறுத்திக்கொண்டிருந்ததால் எங்கே என்று பிரித்தறிய முடியவில்லை.

கூட்டம் கலைந்தது. சைக்கிளைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, மாஸ்டரும் மனைவியும் கார் அருகே வந்தார்கள். மாஸ்டர் பின்பையின் ஜிப்பைத் திறக்கப் பார்த்தார். விரல்கள் கொக்கியாக வளைந்து நின்றன. இரண்டு கைகளாலும் முயன்றார். கார்க் கதவில் உரசிப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இந்தா, அந்த ஜிப்ப கொஞ்சம் இழு."

மனைவி இழுத்தார். சாவியை எடுத்து, மாஸ்டரின் வளைந்த விரலில் மோதிரம்போல் மாட்டிவிட்டு மறுபடி வானத்தைப் பார்த்தார். சாவி விரலில் தொங்கியது. இந்தக் கையால் அதைத் துளையில் நுழைக்கவும் முடியாது, ஸ்டீயரிங்கைத் திருப்பவும் முடியாது என்பது மாஸ்டருக்குப் புரிந்தது.

"இப்ப வீட்டுக்கு எப்படிப் போறது?"

மனைவி பேசவில்லை.

"உன்னத்தான் கேக்கறேன்."

"காரப் பத்தி வாய தொறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல."

மாஸ்டர் மலையைப் பார்த்தார். கடைக்காரர் கொடிகளைக் கழற்றிக்கொண்டு தூரத்தில் நின்றார். உதவி வரும் வழி எதுவும் தெரியவில்லை. நான்கு சுற்றையும்விட இந்த இரண்டு சொல்லுக்கு அதிக மூச்சு தேவைப்பட்டது.

"நீயே ஓட்டு."

"காத்து அடிக்குது. சரியா காதுல விழல."

"நீயே ஓட்டும்மா. இன்னிக்கு மட்டும் இல்ல. சாவிய நீயே வச்சுக்கோ."

மனைவி அவர் விரலிலிருந்து சாவியைக் கழற்றினார். முன் கதவைத் திறந்து, அவரை மடித்து உள்ளே உட்காரவைத்து, இருக்கைப் பட்டையை மாட்டினார். பின் இருக்கையில் துண்டு விரித்தபடியே கிடந்தது. தம் இடத்தில் அமர்ந்து இருக்கையைச் சரிசெய்தார்.

"கண்ணாடி..." என்று தொடங்கினார் மாஸ்டர்.

"பாத்தாச்சு."

கார், பாரம் தூக்கும் கொக்கி தரையைவிட்டுக் கிளம்புவதுபோல், ஒரு குலுக்கலுமின்றிக் கிளம்பியது. மண்பாதை முடிந்து சாலை வந்தது. எதிரே லாரி ஒன்று, உண்மையாகவே எதிரே, வந்தது. மாஸ்டர் தம் வலது காலுக்கு ஆணையிட்டார். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகக் கால் கேட்கவில்லை. அது நாளெல்லாம் வேலை செய்துவிட்டுத் தரைவிரிப்பின் மேல் செத்த மீனாகக் கிடந்தது. லாரி கடந்து போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த திருப்பத்தில் மாஸ்டரின் தலை சாய்ந்தது. இன்னொருவர் ஓட்டும் காரில், பொழுது சாயும் முன்பே, குறட்டை விட்டுத் தூங்கினார்.

விழித்தபோது கார் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அந்திவெயில். வலப்பக்கம் ஒரு பெட்ரோல் நிலையம் போயிற்று. அதை எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலை. வீட்டுக்குத் திரும்பும் இடம் எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது.

"எங்க போறோம்? வீடு தாண்டிப் போச்சே."

"தாண்டல. இன்னும் வரும்" என்றார் மனைவி. கைகள் ஸ்டீயரிங்கின் மேல் தளர்வாக இருந்தன. முகத்தில், கூண்டுக்குள் இருக்கும்போது கீழே நிற்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிரிப்பு இருந்தது. "நீங்க நாலு சுத்து சுத்துனீங்கல்ல. எனக்கு இது மூணாவது."

மாஸ்டர் இருக்கைப் பட்டையைக் கொக்கி விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.